மாமா வந்திருக்கார்

உங்கள் மேசைக்கடியில் குப்பைக் காகிதம் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பச்சைக் கூடை எங்கள் கடையில் வாங்கியது, ஐயா. விளிம்புக்குக் கீழே சின்னதாக ஒரு மடிப்பு இருக்கும், பாருங்கள். எதிர்க்கடைக் கூடையில் அந்த மடிப்பு கிடையாது. விலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அவர்களுடையது ஆறு மாதத்தில் வாய் கிழிந்துவிடும், எங்களுடையது எட்டு மாதம் தாங்கும். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இரண்டையும் வாங்கி என் வீட்டுக் குளியலறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான்.

ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிறவிக் குணம். ஒன்பது ஆண்டுகளாக அந்த மலிவுவிலைக் கடையில் பணியாளர் நலன் அலுவலராக இருந்தேன். பெரிய சாலையில் இரண்டு கடைகளும் எதிரும் புதிருமாக நிற்கின்றன. அங்கே ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று விளம்பரத் துணி கட்டினால், மறுநாளே இங்கே இரண்டு வாங்கினால் இரண்டு என்று கட்டுவோம். மலிவாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதைச் சொல்லாமல் அன்று நடந்ததைச் சொன்னால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

எதிர்க்கடையில் பெண்கள் வேலை முடிந்து போகும்போது வாசலில் ஒருத்தி நின்றுகொண்டு அவர்கள் உடம்பைத் தடவிப் பார்ப்பாள். சீப்போ சோப்போ ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று சோதனை. பெண்பிள்ளைகளை அப்படித் தொடுவது எனக்கு அறவே பிடிக்காது. நம் கடையில் அந்தப் பழக்கம் கூடாது என்று முதலாளியிடம் வாதாடினேன். தையல்காரரைக் கூப்பிட்டு, சீருடைக் கோட்டைப் பாக்கெட்டே இல்லாமல் தைக்கச் சொன்னேன். பாக்கெட் இல்லையென்றால் ஒளிக்க இடமில்லை, ஒளிக்க இடமில்லையென்றால் சந்தேகமில்லை. ஒன்பது ஆண்டுகளில் எங்கள் பெண்கள் யார் மேலும் ஒரு கை பட்டதில்லை, ஐயா.

கழிப்பறை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நோட்டில் நேரம் எழுதிவிட்டுப் போக வேண்டும். நாலு நிமிடம் தாண்டினால் மேற்பார்வையாளர் கதவைத் தட்டுவார். கேட்கவே அருவருப்பாக இருக்கும். எங்களிடம் நோட்டும் கிடையாது, தட்டலும் கிடையாது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மரப்பலகை உண்டு. அதை மாட்டிக்கொண்டவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போய்வரலாம். பலகை ஒன்று, பெண்கள் முப்பத்து நாலு பேர். ஒருத்தி நேரம் எடுத்தால் மற்றவர்களே அவளை நறுக்கென்று கேட்டுவிடுவார்கள். நிர்வாகம் இதில் தலையிடுவதே இல்லை.

அங்கே உட்கார ஒரு முக்காலி கிடையாது. எங்களிடம் ஓய்வறையே இருந்தது. ஒரு சோபா, நாலு நாற்காலி. அழுக்காகிவிடுமே என்று பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை, அவ்வளவுதான். சாவி என்னிடம் இருக்கும். காரணத்தை எழுதிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். ஒன்பது ஆண்டுகளில் யாரும் எழுதிக் கேட்கவில்லை என்றால் அது என் குற்றமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பெண்களை எண் சொல்லிக் கூப்பிடுவார்கள். "பதினேழு, இங்க வா" என்று. எனக்கு உடம்பு கூசும். எங்கள் கடையில் எல்லாம் முறை வைத்துத்தான். முதலாளி எல்லோருக்கும் பெரியப்பா. நான் அண்ணன். மூத்த பெண்கள் அக்கா, இளையவர்கள் தங்கச்சி. இது நான் கொண்டுவந்த ஏற்பாடு. வீட்டில் அண்ணன் ஒரு வேலை சொன்னால் தங்கச்சி கடிகாரத்தைப் பார்ப்பாளா? பார்க்கமாட்டாள். அதனால் ஓவர்டைம் என்ற சொல்லே எங்கள் கடையில் புழங்கியதில்லை.

இந்த முறைகளை ஒலிபெருக்கியிலும் கொண்டுவந்தேன். வாடிக்கையாளர் காதில் விழக்கூடாத சங்கதிகளை அதில் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா? எங்காவது எண்ணெய் கொட்டி வழுக்கினால் "அத்தை வந்திருக்காங்க." திருடன் மாதிரி ஓர் ஆள் உலாவினால் "மச்சான் வந்திருக்கார்." தொழிலாளர் ஆய்வாளர் வந்தால் "மாமா வந்திருக்கார்." உங்கள் காவல்துறையைப் பற்றிப் பேசும்போது ஜனங்கள் அந்தச் சொல்லை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியும், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அடுத்துப் போகப்போகிற இடத்தைக்கூட மாமியார் வீடு என்றுதானே சொல்கிறார்கள். உறவுமுறை இல்லாமல் நமக்கு ஒன்றும் ஓடாது.

ஆய்வாளர் வந்தால் ஏன் சங்கேதம் என்று கேட்பீர்கள். முப்பத்து நாலு பேரில் இருபத்து மூன்று பேர் பதிவேட்டில் இருந்தார்கள். மற்ற பதினொரு பேரைப் பதிவேட்டில் வைக்கவில்லை, மனத்தில் வைத்திருந்தோம். எதிர்க்கடையில் இப்படிப்பட்டவர்களை, ஆய்வாளர் வந்தால், பின்பக்கச் சந்தில் வெயிலில் துரத்திவிடுவார்கள். நாங்கள் கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். மெல்லிய காகிதச் சுருளும் கைதுடைக்கும் தாளும் அடுக்கியிருக்கும் வரிசைக்குப் பின்னால் ஒரு சரக்கறை உண்டு. சரக்கு வெளுத்துவிடும் என்று ஜன்னல் வைக்கவில்லை. சங்கேதம் கேட்டதும் பதினொரு பேரும் அதற்குள் போய்விட வேண்டும். கிடங்குக்காரர் வெளியில் தாழ்ப்பாள் போட்டு, கதவே தெரியாதபடி காகிதப் பெட்டிகளைத் தலை உயரத்துக்கு அடுக்கிவிடுவார். எதிர்க்கடையில் தீ வழியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் தீ வழி எப்போதும் திறந்தே இருக்கும். அது வேறு, சரக்கறை வேறு.

மாதம் ஒருமுறை ஒத்திகை நடத்துவேன். நாற்பது விநாடியில் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே போனபின் பேச்சு, இருமல், தும்மல் ஒன்றும் கூடாது. ஆய்வாளர் கண்ணில் ஒருத்தி பட்டுவிட்டாலும் பதினொரு பேருக்கும் அன்றோடு வேலை போய்விடும் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லியிருந்தேன். முதல் ஒத்திகையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவள் அதன்பிறகு எங்களோடு இல்லை. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

நாலாம் கவுண்டர் தங்கச்சி அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. கைவேகமும் வாய்வேகமும் உள்ளவள். பொருளைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது வாடிக்கையாளரிடம் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அவளுக்கு இழுப்பு உண்டு. பெட்டித் தூசி பட்டால் மார்பில் விசில் அடிக்கும். மருந்தை வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப்பு ஒன்று எப்போதும் வைத்திருப்பாள். பம்ப்பு அவள் பையில் இருக்கும், பை லாக்கரில் இருக்கும், லாக்கர் காலையிலும் வேலை முடிந்தபிறகும்தான் திறக்கும். போன வருடம் ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, கோட்டுல ஒரே ஒரு பாக்கெட் வச்சுக் குடுங்கண்ணா. ரெண்டு விரல் அகலம் போதும். உள்ள இருக்கறது தெரியணும்னா வலைத்துணியில கூடத் தைங்க."

"ஒருத்திக்கு வச்சா எல்லாருக்கும் வைக்கணும்மா" என்றேன். ஆனால் அவள் கேட்டதை அப்படியே தட்டிக் கழிக்கவில்லை. ஆலோசனைப் புத்தகத்தில் என் கைப்படவே எழுதி, பரிசீலனையில் உள்ளது என்று குறித்தேன். நீங்கள் கைப்பற்றிய புத்தகங்களில் அதுவும் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

நுகர்வோர் சங்கம் ஒன்று இரண்டு கடைகளையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதாக அறிவித்திருந்தது. பொருளின் தரம், வியாபாரத்தில் நேர்மை, பணியாளர்களை நடத்தும் விதம் என்று நூற்றுக்கு. முடிவு செய்தித்தாளில் வரும். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, தரத்துல அவனும் நாமளும் ஒண்ணுதான், அதை வெளியில சொல்லிக்காத. ஆளுங்களை நடத்துறதுலதான் நாம மேல வரணும். அது உன் கையிலதான் இருக்கு" என்றார். ஐயா, ஒன்பது ஆண்டுகளாக நான் செய்ததை யாரோ ஒருவர் நூற்றுக்கு மதிப்பிடப் போகிறார்கள் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பரீட்சை எழுதப்போகும் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். சோபா உறையை நானே கழற்றினேன். குழு மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. பதினொரு பேரையும் இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத் திட்டம். எல்லாம் கச்சிதமாக இருந்தது.

ஒலிபெருக்கியில் பேசும் பெண் வேலைக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மைக் என்றே அவளைக் கூப்பிடுவோம். சோபா, குழு என்று அலைந்ததில் அவளுக்குச் சங்கேதங்களைச் சொல்லிக்கொடுக்க விட்டுப்போயிற்று. என் பக்கம் தவறு என்றால் அது ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு நாலாம் கவுண்டர் தங்கச்சியின் தாய்மாமன் கடைக்கு வந்தார். மின்விசிறி பழுதுபார்க்கிறவர். அம்மா போனபிறகு அவளை வளர்த்ததெல்லாம் அவர்தான். அன்று காலை அவள் பம்ப்பை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள். அதைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறார். மைக்கிடம் போய், "நாலாம் கவுண்டர் பொண்ணோட மாமா வந்திருக்கேன்னு சொல்லும்மா" என்றிருக்கிறார். நல்ல பெண். கேட்டதைச் செய்தாள். பொத்தானை அழுத்தி, "மாமா வந்திருக்கார். நாலாம் கவுண்டர் அக்காவோட மாமா வந்திருக்கார்" என்றாள்.

முதல் இரண்டு வார்த்தைக்குப் பிறகு யார் காதிலும் எதுவும் ஏறவில்லை. பதினொரு பேரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். நாலாம் கவுண்டர் தங்கச்சியும் ஓடினாள். ஒத்திகையில் எப்போதும் முதலில் உள்ளே போகிறவள் அவள்தான். தன்னை வளர்த்த மாமனைத்தான் கூப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மாமா என்றால் ஆய்வாளர் என்று அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். முப்பத்தாறு விநாடியில் கதவு மறைந்துவிட்டதாகக் கிடங்குக்காரர் பிறகு சொன்னார்.

மாடியிலிருந்து நான் பதறி இறங்கி வந்தால் வாசலில் ஆய்வாளர் இல்லை. கையில் கிரீஸ் கறையோடு ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"மைக்ல என்னைப் பத்திச் சொன்னாங்க தம்பி, கேட்டீங்களா? கூட்டத்துல என்னை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்ல" என்றார்.

விஷயத்தைக் கேட்டேன். சொன்னார். பம்ப்பை எடுத்து நீட்டினார்.

"குடுங்க, நான் கொடுத்துடறேன்" என்று வாங்கி என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன் தம்பி. மூச்சு எப்படி வருதுன்னு ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி. அவசரமில்ல, காத்திருக்கேன்." வாசலருகே குடை வைக்கும் திண்டில் உட்கார்ந்துகொண்டார்.

நான் நேரே சரக்கறைப் பக்கம் போனேன். இதைக் கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்துவிடத்தான் போனேன். கிடங்குக்காரர் இரண்டு பெட்டிகளை இறக்கிவிட்டார். மூன்றாவதில் கை வைக்கும்போது பின்னாலிருந்து வணக்கம் என்று ஒரு குரல். குழு வந்து நின்றது. எதிர்க்கடைக்காரர்கள் அவர்களை வாசலிலேயே மடக்கி, உள்ளே விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதனால் நேரத்தோடு எங்களிடம் வந்துவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர்கள் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்களாக இருந்திருந்தால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருப்பாள். அவர்களை நீங்கள் இதுவரை விசாரித்ததாகத் தெரியவில்லை.

குழுவில் இரண்டு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கோப்பு வைத்துக்கொண்டு ஒருவர். கோப்புக்காரர் எடுத்த எடுப்பில் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். இருபத்து மூன்று பெயர். இனிமேல் என் கடையில் இருபத்து நாலாவது பெண் ஒருத்தி இருக்க முடியாது என்பது உங்களுக்குப் புரிகிறது அல்லவா? காகிதப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பதினொரு பெண்கள் வரிசையாக வெளியே வந்தால், அதற்கு எந்த மொழியில் விளக்கம் சொல்வது? கிடங்குக்காரரைப் பார்த்துக் கண் காட்டினேன். இறக்கிய இரண்டு பெட்டிகளையும் திரும்ப மேலே வைத்தார்.

"நிறைய இடம் ஆளில்லாம இருக்கே" என்றார் தலைமையாசிரியை.

"சாப்பாட்டு நேரங்கம்மா. பசியோட யாரையும் நிக்கவைக்கற வழக்கம் நம்ம கடையில இல்ல."

ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு உணவு இடைவேளை என்று ஆச்சரியமாக எழுதிக்கொண்டார். பதிவேட்டிலுள்ள இருபத்து மூன்று பேரும் கண்ணெதிரே நிற்கும்போது சாப்பிடப் போனது யார் என்று கேட்டிருக்கலாம். கோப்புக்காரருக்குக் கூட்டல் வராதது என் அதிர்ஷ்டம்.

அவர்களை அந்த இடத்திலிருந்து நகர்த்தத்தான் பார்த்தேன். நகரவில்லை. வியாபார நேர்மையைச் சோதிக்க வேண்டும் என்று கைதுடைக்கும் தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார்கள். நூறு தாள் என்று மேலே அச்சிட்டிருந்தது. தலைமையாசிரியை அதைப் பிரித்து, சரக்கறைக் கதவுக்கு முன்னாலிருந்த பெட்டியின் மேல் வைத்து, ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். எண்பதைத் தாண்டும்போது கோப்புக்காரர் ஏதோ கேட்டுவிட்டார். மறுபடி ஒன்றிலிருந்து. அந்த அம்மாவின் பொறுப்புணர்ச்சியை மெச்சத்தான் வேண்டும். தொண்ணூற்று நாலு இருந்தது. ஆறு தாள் குறைகிறதே, இது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம் இல்லையா என்று கேட்டார். என் முகம் சிவந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் பெட்டிகளுக்குப் பின்னால் டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

"என்ன அது?"

"சரக்கு இறக்கறாங்கம்மா."

மைக்கிடம் போய்ப் பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னேன். வாடிக்கையாளர்கள் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே பொருள் எடுத்தார்கள்.

ஓய்வறையைக் காட்டினேன். தலைமையாசிரியை சோபாவில் உட்கார்ந்து, அமுக்கிப் பார்த்து, "நல்லா மெத்துமெத்துன்னு இருக்கே" என்று தண்ணீர் கேட்டார். அவர்கள் அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் காகித வரிசைக்குத் திரும்பி வந்தேன். பெட்டிகளின் மேல் கைவைத்துக் காதைக் கொடுத்தேன். பதினொரு பேரில் மூத்தவளான பெரியக்காவின் குரல், கிசுகிசுப்பாக.

"அண்ணா... அண்ணாதானே? தங்கச்சிக்கு இழுக்குது. ரொம்ப இழுக்குதுண்ணா. பம்ப்பும் கொண்டு வரலையாம்."

அவளுக்கு என்னைவிட எட்டு வயது கூட இருக்கும். இருந்தாலும் முறை தவறாமல் அண்ணா என்பாள். பொறுத்துக்கொள்ளும்படி நாலு வார்த்தை சொன்னேன். பம்ப்பு என் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தது. அதைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன். தோன்றியது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் பெட்டிகளை இறக்கி, தாழ்ப்பாளைத் திறந்து, கொடுத்து, மூடி, மறுபடி அடுக்க வேண்டும். ஓய்வறைக்கும் அந்த வரிசைக்கும் இருபது அடி. ஒரு பக்கம் ஒரு பெண்ணின் மூச்சு, மறுபக்கம் முப்பத்து நாலு குடும்பங்களின் பிழைப்பு. நலன் அலுவலர் என்றால் எல்லோருடைய நலனையும் பார்க்க வேண்டும் அல்லவா?

திரும்பி வந்து குழுவுக்குத் தேநீர் கொடுத்தேன். நாற்பது கேள்விகள். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். பணியாளர்கள் தங்கள் குறைகளை நிர்வாகத்திடம் நேரடியாகச் சொல்ல வழி இருக்கிறதா என்று பதினாலாவது கேள்வி. ஆம் என்றேன். அவசரத் தேவைக்கு மருந்து கையருகில் இருக்கிறதா என்று இருபத்தேழாவது. அதற்கும் ஆம் என்றேன். யோசித்துப் பார்த்தால் இரண்டுமே சரியான பதில்தான். கேள்விகள் முடியும்போது தட்டல் நின்றுபோயிருந்தது. எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது. ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

போகும்போது வாசலில் தலைமையாசிரியை அந்தப் பெரியவரைப் பார்த்து நின்றார்.

"யாருங்க நீங்க?"

"என் அக்கா பொண்ணு இங்க வேலை பாக்குதுங்கம்மா."

"எப்படி வச்சிருக்காங்க?"

அவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா வச்சிருக்காங்க. இந்தத் தம்பி அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி."

குடும்பத்தினர் வாக்குமூலம் என்று தலைப்புப் போட்டு அதையும் எழுதிக்கொண்டார்கள். அதற்கு மட்டும் தனியாக ஐந்து மதிப்பெண்.

அவர்கள் சாலையைக் கடந்தபிறகு கதவைத் திறந்தோம். உள்ளே போய் ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஒன்பது பேர் தாமாக வெளியே வந்தார்கள். பெரியக்கா வரவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சியின் தலை அவள் மடியில் இருந்தது. அவளுடைய வலது உள்ளங்கை தங்கச்சியின் வாயைப் பொத்தியபடியே இருந்தது. இழுப்புச் சத்தம் வெளியில் கேட்டுவிடுமே என்று பொத்தியிருக்கிறாள். கையை நாங்கள் விலக்கியபோது அதில் பல் பதிந்த தடம் இருந்தது. உங்கள் மருத்துவர் எழுதியிருப்பது சரிதான். ஆக, சட்டப்படி பார்த்தால் கை பெரியக்காவுடையது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பயிற்சியைத் தவறாமல் பின்பற்றிய பெண் அவள்.

தங்கச்சியைத் தூக்கி ஓய்வறைச் சோபாவில் படுக்க வைத்தோம். இடைவேளையில் ஓய்வெடுக்கும்போது மூச்சுத்திணறல் வந்தது என்று எழுதினேன். அந்தப் பெரியவரை நான்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தேன். பம்ப்பை என்னிடமிருந்து வாங்கினார். பழக்கதோஷத்தில் அதை நாலு தடவை குலுக்கி அவள் வாயில் வைத்து அழுத்தினார். மருந்து நிறைய இருந்தது. மறுபடி அழுத்தினார். "இழுத்துக்கம்மா, இழுத்துக்க" என்றார். நான் ஒரு மூலையில் திரும்பி நின்று அழுதேன், ஐயா. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அன்று அந்த அறையில் அதிகமாக அழுதவன் நான்தான்.

நாலு நாள் கழித்து முடிவு செய்தித்தாளில் வந்தது. எங்களுக்கு எண்பத்தொன்று. அவர்களுக்குப் பதினாறு. தாள் குறைந்ததற்கு இரண்டு கழித்துவிட்டார்கள். இல்லையென்றால் எண்பத்து மூன்று. அதே நாள் காலையில்தான் மைக் உங்களிடம் வந்திருக்கிறாள். போகுமுன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, மாமா வந்திருக்கார்னு நான் நிஜத்தைத்தானே சொன்னேன்? அதுக்கு ஏண்ணா எல்லாரும் ஓடினாங்க?" அவளுக்கு இனிமேல் எங்கேயும் ஒலிபெருக்கி வேலை கிடைக்காது என்று நினைக்கிறேன்.

உங்களை ஒரு வாரமாகக் குழப்பிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே இருந்த பத்துப் பேரும் அன்று தொழிலாளர் ஆய்வாளர் கடைக்கு வந்ததாகவும், கடைசிவரை போகவே இல்லை என்றும் சத்தியம் செய்கிறார்கள். ஆய்வாளரோ, தான் அந்தப் பக்கமே வரவில்லை என்கிறார். பாவம், அவரை விட்டுவிடுங்கள். அவர் வரவில்லை. பத்துப் பேர் பொய் சொல்லவும் இல்லை. ஆய்வாளர் இல்லை என்று தெரிந்திருந்தால் அவர்கள் கதவை உடைத்திருப்பார்கள், தொண்டை கிழியக் கத்தியிருப்பார்கள், பெரியக்காவும் கையை எடுத்திருப்பாள்.

கதவருகே நின்று நாலு வார்த்தை சொன்னேன் என்றேனே, அதில் ஒரு வரியை விட்டுவிட்டேன். தங்கச்சிக்கு இழுக்கிறது என்று சொன்ன பிறகு பெரியக்கா ஒரு கேள்வி கேட்டாள். "மாமா போயிட்டாராண்ணா?" என்றாள். கேட்ட கேள்விக்கு வாயில் வந்ததைச் சொல்கிறவன் இல்லை நான். எட்டி வாசலைப் பார்த்தேன். குடைத் திண்டில் அந்த மனிதர் கால்மேல் கைவைத்து உட்கார்ந்துகொண்டு, ஓடாத எங்கள் மின்விசிறி ஒன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் திரும்பிச் சொன்னேன்.

"இல்லம்மா, மாமா இன்னும் போகல. மூச்சு விடாம இருங்க."

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள், ஐயா.